வரிசை எண் 57

காற்புள்ளி விஷயத்தில் நான் கொஞ்சம் கஞ்சன் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். உண்மைதான். வேண்டாத இடத்தில் ஒரு காற்புள்ளி நின்றால் செருப்புக்குள் கல் புகுந்ததுபோல இருக்கும் எனக்கு. ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். ஏழு நாள் தேவைப்படவில்லை. இது இரண்டாம் நாள்.

நீங்கள் அனுப்பிய குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் மூன்று எழுத்துப் பிழைகள் இருக்கின்றன. பென்சிலால் வட்டமிட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். மற்றபடி அதில் உள்ளதெல்லாம் சரி. ஆனால் 'உள்நோக்கத்துடன்' என்ற சொல்லை இரண்டு இடத்தில் போட்டிருக்கிறீர்கள். அது ஏன் பொருந்தாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாடாளுமன்றச் செயலகத்தின் வெளியீட்டுப் பிரிவில் இருபத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். குழுக்கள் கூடும், சாட்சிகளை விசாரிக்கும், அறிக்கை எழுதும். அதை ஒழுங்கான வாக்கியங்களாக்கி, அச்சகத்துக்கு அனுப்பி, மெய்ப்புப் பார்த்து, அட்டை போட்டுச் சபையின் மேசைக்கு அனுப்பும்வரை என் பொறுப்பு. அச்சான பிறகு யாராவது பிழை இருக்கிறது என்று எழுதினால் அதைப் பரிசீலிப்பதும் நான்தான். பிழை விடக்கூடிய ஆள், பிழையைக் கண்டுபிடிக்கக்கூடிய ஆள், பிழை எதுவும் இல்லை என்று பதில் எழுதக்கூடிய ஆள், மூன்றும் ஒருவரே. இந்த ஏற்பாட்டை நான் கேட்டு வாங்கவில்லை. ஆள் பற்றாக்குறை.

எனக்கு ஒரே தங்கை. பதின்மூன்று வயது இளையவள். பெற்றோர் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. பின்னல் போடுவதிலிருந்து காய்ச்சலுக்கு ஈரத்துணி வைப்பதுவரை நான் கற்றுக்கொண்டு செய்தேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கைக்காகத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

மெய்ப்புப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலப்பிரதியை உரக்க வாசிப்பார், மற்றவர் அச்சுப்படியில் வரிவரியாகப் பார்த்து வருவார். அலுவலகத்தில் வாசிக்கக் கிடைத்தவர்கள் எல்லோரும் கொட்டாவி விடுபவர்கள். அதனால் மெய்ப்புகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். தங்கை பன்னிரண்டு வயதிலேயே வாசிக்கத் தொடங்கிவிட்டாள். புள்ளிகளையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். "குழு கருதுகிறது, காற்புள்ளி, மேற்படித் துறை, அடைப்புக்குறி தொடக்கம்" என்று அவள் தெளிவாக வாசிக்கும்போது ஒரு வேளாண் மானிய அறிக்கைகூடக் கேட்க நன்றாக இருக்கும். பதினான்கு ஆண்டுகள் அப்படி வாசித்தாள். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் எங்கள் பிரிவிலிருந்து வெளியான பிழைதிருத்தச் சீட்டுகள் இரண்டே இரண்டு.

இருபத்தாறாம் வயதில் அவள் ஒரு படகு எஞ்சின் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவளே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை. என்னிடம் வந்து சொன்னாள், நான் சரி என்றேன். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இதைக் குறிப்பாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். எப்போதும் சீட்டியடித்துக்கொண்டிருப்பார், எட்டு மணி என்றால் ஒன்பதுக்கு வருவார், ஈரத் துண்டை நாற்காலியில் போடுவார். என் மேசையிலிருந்து ஒருமுறை அறிக்கை ஒன்றை எடுத்துப் புரட்டிவிட்டு, "இதையெல்லாம் யாரு மச்சான் படிக்கிறாங்க?" என்று கேட்டார். யதார்த்தமாகக் கேட்டார். நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் ஏரிக்கரைப் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் எங்கள் பிரிவு ஒன்பது பிழைதிருத்தச் சீட்டுகள் வெளியிட்டது. எண்ணிக்கை மட்டும் சொல்கிறேன், காரணம் சொல்லவில்லை.

பிறகு படகு கவிழ்ந்தது.

அந்த விபத்து உங்களுக்கே நினைவிருக்கும். அந்த ஏரியைப் படகில் கடக்க இரண்டு மணி நேரம், கரையைச் சுற்றிச் சாலையில் போனால் ஒன்பது மணி நேரம். அதனால் எல்லோரும் படகில்தான் போவார்கள், ஏற்றக்கூடிய அளவைப்போல இரண்டு மடங்கு பேர் ஏறுவார்கள். அன்று தங்கையும் அவரும் அக்கரையில் ஒரு நண்பரின் பட்டறையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். நடு ஏரிக்குச் சற்று முன்னால் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இந்தப் பக்கத்து மீனவர்கள் தூக்கியவர்களை இக்கரைக்குக் கொண்டுவந்தார்கள், அந்தப் பக்கத்து மீனவர்கள் தூக்கியவர்களை அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். தங்கை இக்கரை மருத்துவமனையில் கிடந்தாள். தலையில் காயம், ஒரு வாரம் நல்ல காய்ச்சல். மருத்துவர் பரிசோதித்துவிட்டு அவள் இரண்டு மாதக் கர்ப்பிணி என்றார். அவள் அதை அன்று அக்கரை போய்ச் சேர்ந்ததும் அவரிடம் சொல்வதாக இருந்தாளாம். அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. நான் அவளை வீட்டுக்கு அழைத்துவந்தேன், அவளுடைய பழைய அறைக்கு.

மூன்றாம் வாரம் சபை விசாரணைக் குழு அமைத்தது. அறிக்கை வேலை என்னிடம் வந்தது. என் தங்கையும் அவள் கணவரும் அந்தப் படகில் இருந்தவர்கள், ஆகவே இதை வேறொருவரிடம் கொடுப்பது முறை என்று குழுத் தலைவரிடம் நான் எழுத்திலேயே தெரிவித்தேன். அந்தக் கடிதத்தின் நகல் கோப்பில் இருக்கிறது. தலைவர் என் தோளைத் தட்டி, "அப்போ இன்னும் அக்கறையா செய்வீங்க" என்றார். தப்பிக்க நான் பார்த்தேன். விடவில்லை.

இறந்தவர்கள், காணாமற்போனவர்கள், பிழைத்தவர்கள் ஆகியோரின் பட்டியல்களை எல்லா மருத்துவமனைகளும் குழுவுக்கே அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போனது. அக்கரை மருத்துவமனையிலிருந்து வந்த கடிதத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றாவது பெயர் அவருடையது.

அன்றே தங்கையிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சரிபார்க்காத தகவலை நான் யாரிடமும் சொல்வதில்லை. மறுநாள் அலுவல் பயணமாகச் சாலை வழியே அக்கரை போனேன்.

அவர் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். கால் கட்டுப்போட்டுத் தூக்கிக் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"மச்சான், அவ எங்க?" என்று கேட்டார்.

கட்டிலில் தொங்கிய அட்டையை நான் அப்போது வாசித்துக்கொண்டிருந்தேன். 'தொடை எழும்பு முறிவு' என்று எழுதியிருந்தார்கள். எலும்பை எழும்பு என்று எழுதுகிற மருத்துவமனை அனுப்பிய பட்டியலை எப்படி நம்புவது என்று ஒரு யோசனை ஓடியது. அதனால் பதில் சொல்லச் சற்றுத் தாமதமாகிவிட்டது. அந்தத் தாமதத்தை அவர் பதிலாக எடுத்துக்கொண்டார்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அடுத்த படகுல போலாம்னு சொன்னா. நான்தான் கேக்கலை" என்றார்.

அவள் உயிருடன் இருக்கிறாள் என்று மூன்று சொற்கள் சொன்னால் போதும். எனக்கு அது தெரியும். ஆனால் அழுகிற மனிதரைக் குறுக்கிட்டுப் பேசுவது அநாகரிகமாகத் தோன்றியது. அழுது முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். முடித்த பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. நான் அங்கே ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கரையில யாராச்சும் இருக்காங்களா அண்ணா?"

"ரெண்டு பேர் இருக்காங்க" என்றேன். "ரெண்டு பேருமே வேற ஆளுங்க."

இதுதான் முதல் பொய். ஒரே நாளில் இரண்டு பயணம், ஒன்பது மணி நேரம் போக, ஒன்பது மணி நேரம் வர. நான் களைத்துப்போயிருந்தேன். ஓரிரு நாளில் திருத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் மாலை அவள் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, "சும்மா இருந்தா தலை வெடிக்குது. எதையாச்சும் குடுங்க, வாசிக்கிறேன்" என்றாள். மீன்வளக் குழுவின் நான்காம் அறிக்கை கையில் இருந்தது. கொடுத்தேன். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது, ஆனால் ஒரு காற்புள்ளியையும் விடவில்லை. அன்று முப்பத்திரண்டு பக்கம் முடித்தோம்.

திருத்திக்கொள்ளும் நாள் அதன் பிறகு வரவில்லை.

விபத்து அறிக்கையின் பின்னிணைப்பு நான்கு, உயிரிழந்தோர் மற்றும் காணாமற்போனோர் பட்டியல். உடல் கிடைத்தவர்கள் நாற்பத்து நான்கு பேர் முதலில், உடல் கிடைக்காதவர்கள் பிறகு. உண்மையில் மொத்தம் அறுபத்திரண்டு. நான் அறுபத்து மூன்று என்று எழுதினேன். அவரை ஐம்பத்தேழாம் வரிசையில் வைத்தேன். மருத்துவமனைக் கடிதத்தைத் 'தாமதமாகப் பெறப்பட்டது' என்று முத்திரையிட்டுக் கோப்பிலேயே சேர்த்தேன், கிழிக்கவில்லை. ஆவணத்தை அழிப்பது குற்றம்.

குழுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், போலீஸ் கணக்கு அறுபத்திரண்டு என்றுதானே சொல்கிறது என்று கேட்டார். போலீஸ் தலைகளை எண்ணியது, நாங்கள் பெயர்களைச் சேகரித்தோம் என்றேன். தலைவர் மேசையைத் தட்டினார். "பாருங்க, போலீஸ் விட்டதை நம்ம ஆள் பிடிச்சிருக்கார்." முன்னுரையிலும் என்னைக் குறித்து ஒரு வரி சேர்க்கச் சொன்னார். விவரங்களைச் சரிபார்ப்பதில் காட்டிய அக்கறைக்காக. அந்த வரியை நானே எழுதி நானே மெய்ப்புப் பார்த்தேன்.

பரிந்துரை எண் பதினான்கு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். படகுப் போக்குவரத்தைத் 'தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம்' என்று குழு எழுதியிருந்தது. 'தற்காலிகமாக' என்ற சொல்லை நான் எடுத்தேன். நிறுத்தி வைப்பது என்றாலே தற்காலிகம்தானே, அது மிகைச்சொல். துறை அதை வேறு மாதிரி படித்துக்கொண்டது. பத்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஏரியில் பயணிகள் படகு ஓடவில்லை. கரையோர ஊர்களிலிருந்து மனுக்கள் வந்தன. பிரசவத்துக்கு ஒன்பது மணி நேரம் சாலையில் போக வேண்டியிருக்கிறது, பாதி வழியில் பிறந்துவிடுகிறது, சில பிறந்தும் தங்குவதில்லை என்று எழுதியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் பரிந்துரை எண் பதினான்கைக் காட்டிப் பதில் வரைந்தேன். அக்கரையிலிருந்து யாரும் சுலபமாக இக்கரைக்கு வர முடியாமல் போனது உண்மை. அதற்காகத்தான் அந்தச் சொல்லை எடுத்தேன் என்று குறிப்பாணை சொல்கிறது. மிகைச்சொல் என்பதால் எடுத்தேன் என்று நான் சொல்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும்.

பின்னிணைப்பு நான்கின் மெய்ப்பு வந்தது. வேறு ஆளை வாசிக்கச் சொல்லலாம் என்று பார்த்தேன். தங்கைதான் விடவில்லை. "நானே வாசிக்கிறேன் அண்ணா. வேற யாரோ அவர் பேரைக் கொட்டாவி விட்டுட்டே வாசிக்க வேண்டாம்" என்றாள். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். நாற்காலியில் தலையணை வைத்து உட்காரவைத்தேன். ஒன்றிலிருந்து வாசித்தாள். பெயர், வயது, தொழில், உடல் கிடைத்ததா இல்லையா. ஐம்பத்தாறு முடிந்து ஐம்பத்தேழு வந்தது. பெயரை வாசித்தாள். "வயது முப்பத்தொன்று. படகு எஞ்சின் மெக்கானிக். உடல் கிடைக்கவில்லை. முற்றுப்புள்ளி." குரல் அசையவில்லை. நான் அந்த வரிக்கு எதிரே சரிக்குறி போட்டேன். ஐம்பத்தெட்டாம் வரியில் ஒரு வயது தவறாக அச்சாகியிருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று குறிப்பாணையில் கேட்டிருக்கிறீர்கள். நன்றாக வாசிக்கிறாள் என்று தோன்றியது.

அறிக்கை சபையில் வைக்கப்பட்டது. அதைக் காட்டி இறப்புச் சான்றிதழ் வாங்கினோம். குழந்தை பிறந்தது, பெண். பள்ளியில் சேர்த்தபோது தந்தை என்ற இடத்தில் 'காலமானார்' என்று நான்தான் எழுதினேன். அழகான கையெழுத்து என்று தலைமையாசிரியை சொன்னார்.

இனி மறு கரையைப் பற்றி. அவர் ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தார். எழுந்து நடக்கத் தொடங்கியதும், அவளுக்கு எங்கே காரியம் செய்தீர்கள், அந்த இடத்தையாவது பார்க்க வேண்டும் என்று அலுவலக முகவரிக்கு எழுதினார். நான் போனேன். உடல் கிடைக்கவில்லை என்றேன். அங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. "உடம்பு கிடைக்கலேன்னா எங்கயாச்சும் உயிரோட இருக்கலாமில்ல மச்சான்?" என்றார். முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. வீண் நம்பிக்கை மனிதனைத் தின்றுவிடும்.

அச்சகத்து ஃபோர்மேன் எனக்கு இருபது ஆண்டுப் பழக்கம். எண்பத்தேழாம் பக்கத்தை மட்டும் மாற்றி ஒரே ஒரு பிரதி வேண்டும் என்றேன். ஐம்பத்தேழாம் வரியில் தங்கையின் பெயர், வயது இருபத்தெட்டு, உடல் கிடைக்கவில்லை. "ஒத்தப் பிரதிக்கு மெஷினை ஓட்டச் சொல்ற ஆள் நீங்க ஒருத்தர்தான் சார்" என்றார் ஃபோர்மேன். குழுத் தலைவர் சரிபார்க்கக் கேட்கிறார் என்றேன். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. அவர்மேல் நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த நாளே தைத்து அட்டை போட்டுக் கொடுத்தார். நல்ல வேலை. மொத்தம் அறுபத்து மூன்று என்பதை அதிலும் மாற்றவில்லை. ஒரே எண் இரண்டு பிரதியிலும் இருந்தது.

அவர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டியடிக்கிறவர், அறிக்கையை யார் படிக்கிறார்கள் என்று கேட்டவர். முத்திரை போட்ட தாள் என்றதும் அவரும் நம்பினார். புத்தகத்தைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கொடுத்தேன். இக்கரைக்கு வர இனி மனமில்லை, அந்தத் தண்ணீரைத் தாண்ட முடியாது என்றார். நான் வற்புறுத்தவில்லை.

அக்கரைத் துறைமுக அலுவலகத்தில் அவருக்குப் பொருள் அறைக் காப்பாளர் வேலை கிடைத்தது. ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். எந்த ஆண்டும் தவறவிடவில்லை. அவளுடைய படம் ஒன்று கேட்டார், வீட்டிலிருந்து எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தங்கை அந்தப் படத்தை இரண்டு நாள் தேடினாள். நானும் சேர்ந்து தேடினேன். குழந்தையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. அவருக்குக் குழந்தை உண்டு என்றே தெரியாது, தெரியாத ஒன்றை ஒருவர் இழக்க முடியாது.

அந்தப் பெண் ஆறு வயதில் சீட்டியடிக்க ஆரம்பித்தாள். வீட்டில் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மாமாவுக்குப் பிடிக்காது என்று தங்கை அவளைக் கண்டிப்பாள். பிறகு சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் திரும்பி வரமாட்டாள்.

இடையில் ஒரு பள்ளி ஆசிரியர், மனைவியை இழந்தவர், தங்கையைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டு என்னிடம் வந்தார். நல்ல மனிதர், வாசிக்கும் பழக்கம் உள்ளவர். தங்கை யோசித்துச் சொல்கிறேன் என்றாள். நான் சம்மதிக்கவில்லை. கணவர் உயிரோடு இருக்கும்போது மறுமணம் சட்டப்படி குற்றம். தெரிந்தே அவளை ஒரு குற்றத்துக்குள் தள்ள என்னால் முடியாது. காரணத்தை அவளிடம் சொல்ல முடியாததால், உன் இஷ்டம், ஆனால் எனக்குச் சரியாகப் படவில்லை என்று மட்டும் சொன்னேன். அண்ணன் பேச்சை அவள் தட்டியதில்லை, ஒரே ஒருமுறை தவிர.

இப்படிக் கிட்டத்தட்டப் பதினோரு ஆண்டு. தங்கை நன்றாகவே இருந்தாள். வேளைக்குச் சாப்பிட்டாள், மகளை வளர்த்தாள், மாலையில் வாசித்தாள். எங்கள் பிரிவு இந்தப் பதினோரு ஆண்டில் ஒரு பிழைதிருத்தச் சீட்டுகூட வெளியிடவில்லை. பழைய ஆண்டறிக்கைகளை எடுத்துப் பார்த்தால் தெரியும்.

இனி, இது எப்படி வெளியே வந்தது என்பது. கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பு, பல நாட்டுப் படகு விபத்து அறிக்கைகளைத் திரட்டி ஒரு பெரிய தொகுப்பு போடுவதாக எல்லாச் செயலகங்களுக்கும் எழுதியது. எங்கள் அறிக்கையை அனுப்பியது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. சில அறிக்கைகள்தான் முழுமையாக, பின்னிணைப்புகளோடு எடுத்துக்கொள்ளப்படும், முன்மாதிரியாக இருப்பவை. நம்முடையதை முழுமையாக எடுத்தார்கள். மெய்ப்பும் என்னிடம் வந்தது. ஒரு புள்ளி மாற்ற வேண்டியிருக்கவில்லை. தொகுப்பு அச்சாகி உலகத்தில் உள்ள துறைமுக அலுவலகங்களுக்கெல்லாம் இலவசமாகப் போனது. அக்கரைத் துறைமுக அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போகும் என்பது நான் யோசிக்காத விஷயம். இல்லை, யோசித்தேன். யோசித்தும் அனுப்பினேன். அப்படிப்பட்ட ஒரு தொகுப்பில் நம் அறிக்கை இல்லாமல் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

துறைமுக அதிகாரி பெட்டியைப் பிரித்து, "உங்க படகு இதுல வந்திருக்கு, பாருங்க" என்று அவரிடம் கொடுத்தாராம். அவர் நேரே பட்டியலுக்குப் போயிருக்கிறார், மனைவியின் பெயரை இன்னொரு முறை பார்க்க. அந்த இடத்தில் தன் பெயர் இருந்தது. மனைவி பெயர் எங்கேயும் இல்லை.

கடந்த ஞாயிறு காலை பத்தரை மணிக்கு வீட்டுக் கதவு தட்டப்பட்டது. தங்கை எனக்கு எதிரே உட்கார்ந்து பொதுச் சுகாதாரக் குழுவின் அறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தாள், பத்தி ஆறு. மருமகள் போய்க் கதவைத் திறந்துவிட்டு வந்தாள்.

"அம்மா, யாரோ வந்திருக்காங்க. காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடக்கிறாங்க. உன் பேரைச் சொல்லிக் கேக்கிறாங்க."

தங்கை எழுந்தாள். வாக்கியத்தை முடித்துவிட்டுப் போகச் சொன்னேன். அவள் நின்றபடியே முடித்தாள், முற்றுப்புள்ளி உட்பட. பிறகு கூடத்துக்குப் போனாள். நான் விட்ட இடத்தில் பென்சிலால் குறி வைத்தேன்.

கூச்சல் எதிர்பார்த்தேன். வெகுநேரம் கழித்து, ஏதோ பாரமானது தரையில் மெல்ல உட்காருவதுபோல ஓர் ஓசை மட்டும் வந்தது. நான் போய்ப் பார்த்தபோது இருவரும் வாசற்படிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை அவருடைய வளைந்த காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் சுவரோரமாக நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிறகு தங்கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

பையிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்தார். நான் கொடுத்த பிரதி ஒன்று, தொகுப்பு ஒன்று. இரண்டையும் பட்டியல் பக்கத்தில் விரித்து என் முன்னால் தரையில் வைத்தார்.

"ரெண்டுல ஒண்ணு தப்பு மச்சான்" என்றார். "எதுன்னு நீங்களே சொல்லுங்க."

நான் குனிந்து பார்த்தேன். பார்க்கத் தேவையில்லைதான், ஆனாலும் பழக்கம்.

"ரெண்டுமே தப்பு" என்றேன்.

இதுதான் என் ஒப்புதல். வேறு யாரும் என்னிடமிருந்து வாங்கவில்லை. கேட்டார், சொன்னேன். அவர் மறுநாள் இரண்டு புத்தகங்களையும் உங்களிடம் கொடுத்ததால் வந்த இந்தக் குறிப்பாணைக்கும் அதையே நேரடியாக எழுதிவிடுகிறேன். உயிரோடிருந்த இருவரையும் மற்றவர் இறந்துவிட்டதாக நம்பவைத்தது நான். சபையின் அறிக்கை ஒன்றை அதற்காகத் திரித்தது நான். ஒரு குழந்தை தகப்பனைத் தெரியாமல் வளர்ந்ததற்குக் காரணம் நான். பத்து ஆண்டும் எட்டு மாதமும். பிழைதிருத்தச் சீட்டு ஒன்று வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன்: பக்கம் 87, வரிசை எண் 57, முழுவதும் நீக்குக. மொத்தம் 63 என்பதை 62 எனப் படிக்க. நான் பணி இடைநீக்கத்தில் இருப்பதால் வேறொருவர் கையொப்பமிட வேண்டும். நீக்கிய பிறகு ஐம்பத்தெட்டு முதல் அறுபத்து மூன்று வரை எண்களை மாற்ற வேண்டும், அதை மறந்துவிடுவார்கள்.

அவர்கள் அன்று மதியமே புறப்பட்டார்கள். இரண்டு பெட்டி. தங்கை என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, மகளை முன்னால் அனுப்பிவிட்டு, வாசலில் ஒரு நிமிடம் நின்றாள்.

"கூடுதலா ஒரு பேரு வேணும்னா, உங்க பேரைப் போட்டிருக்கலாமே அண்ணா" என்றாள்.

நான் அதை இத்தனை நாளாக நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அவள் சொல்வது நியாயமில்லை. நான் அன்று அந்தப் படகில் போகவே இல்லை. என் பெயரைப் போட்டிருந்தால் அறிக்கை தவறாகியிருக்கும்.